கிளாஸ்கோவில் கல்யாணம்: குலமில்லாதவன் எந்த டார்ட்டன் உடுத்துவது?

மழைக்குடை:
வணக்கம். அடுத்த மாதம் கிளாஸ்கோவில் கூட வேலை செய்யும் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேரும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவம் வைத்த பாவாடை) உடுத்த வேண்டுமாம், அதில் நானும் ஒருவன். வாடகைக் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க டார்ட்டன் என்கிற கட்டம் போட்ட துணி, ஒவ்வொன்றின் கீழும் மெக்டொனால்ட், கேம்பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக் குலத்தின் பெயர்ச்சீட்டு. இன்னொருத்தர் குடும்பத்துத் துணியை நான் உடுத்தினால் யாராவது கோபித்துக்கொள்வார்களா? சட்டம் ஏதாவது உண்டா?

பாவும்_ஊடையும்:
எடின்பரோவில் கில்ட் வாடகைக் கடையில் ஆறு வருடம் இருந்தவன் நான். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. தாராளமாக உடுத்துங்கள்.

சட்டம் ஒன்று இருந்தது, ஆனால் அது உடுத்தவே கூடாது என்ற சட்டம். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் ஜேக்கபைட்டுகள், அதாவது பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றப் போராடியவர்கள், தோற்றார்கள். அந்த வருடமே ஹைலாண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) ஆண்களின் உடைக்கு நாடாளுமன்றம் தடை போட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். அரசுப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடை நீங்கியது.

அந்தப் போரை டேவிட் மோரியர் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார், தேடிப் பாருங்கள். ஒரே ஆளின் மேல்சட்டை ஒரு கட்டம், கீழே வேறு கட்டம். குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற கணக்கு அதில் எடுபடாது. அது பெரும்பாலும் பின்னால் வந்த ஏற்பாடு. 1815-ல் லண்டன் ஹைலாண்ட் சங்கம் குலத்தலைவர்களிடம் உங்கள் டார்ட்டன் மாதிரியை அனுப்புங்கள் என்று கேட்டது. சில தலைவர்களுக்கே தங்களுடையது எது என்று தெரியவில்லை! 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்ட்டனில் நிறுத்தினார், மன்னரும் கில்ட் அணிந்தார். பானக்பர்ன் ஊர் வில்சன் நெசவாலைக்கு நல்ல வியாபாரம். 1842-ல் இரண்டு சகோதரர்கள் பழைய ஏட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு டார்ட்டன் புத்தகம் போட்டார்கள். ஏடே கட்டுக்கதை. ஆனால் அதிலிருந்த பல மாதிரிகள் இன்றும் குல டார்ட்டன்களாக விற்கின்றன. "என் முன்னோர் கலோடனில் இதைத்தான் உடுத்தியிருந்தார்கள்" என்று கண்கலங்கிய ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் கல்யாண வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

பால்மோரல் டார்ட்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது, அதை எந்த வாடகைக் கடையும் உங்களுக்குத் தராது. சந்தேகமாக இருந்தால் பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் டார்ட்டனைக் கேளுங்கள். கரும்பச்சை, நீலம், கறுப்பு. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கரிசல்_கம்பளி:
நல்ல பதில். ஆனால் டார்ட்டனே நேற்று வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஃபால்கிர்க்கில் ரோமானிய நாணயங்கள் இருந்த பானையில் கிடைத்த கட்டத்துணி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிளென் அஃப்ரிக் சதுப்பில் எடுத்த துண்டை 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள்.

பாவும்_ஊடையும்:
சரிதான். துணி பழசு, பெயர்ச்சீட்டுதான் புதுசு. பாவில் (நீள இழையில்) ஓடும் நிற வரிசையே ஊடையிலும் (குறுக்கு இழையிலும்) ஓட வேண்டும், அதுதான் டார்ட்டனின் அடையாளம்.

மழைக்குடை, எந்தத் துணி என்பதைவிட எப்படி உடுத்துகிறீர்கள் என்றுதான் அங்கே பார்ப்பார்கள். ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் நிறுத்தாதீர்கள், தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். கீழ்விளிம்பு முழங்கால் நடுவில் நிற்க வேண்டும். கொசுவம் பின்னால், தட்டையான பக்கம் முன்னால். மாற்றிப் போட்டு வந்த ஒரு மாப்பிள்ளையைக் கடைவாசலிலேயே திருப்பி விட்டிருக்கிறேன். கில்ட் ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது துணி கிழியும், முன்பணமும் போகும்.

மழைக்குடை:
ரொம்ப நன்றி அண்ணா. உள்ளே என்ன போடுவது என்று கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

பாவும்_ஊடையும்:
வாடகைத் துணி தம்பி. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உடுத்தினார்களோ. உள்ளாடை போடுங்கள்.

மழைக்குடை:
ஒரு சேதி. எந்த டார்ட்டன் என்று நண்பனிடமே கேட்டுவிட்டேன். அவனுக்கும் பெயர் தெரியவில்லை. எங்கள் நாலு பேர் அளவுக்கும் கடையில் இருந்தது அது ஒன்றுதானாம்.