ஜெர்மன் மொழிப் படிப்பு விசா: லைப்சிக்கில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். தம்பி ஜெர்மன் படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போகிறான். குடியிருப்புச் சட்டம் 16எஃப் பிரிவின் கீழ் விசா. வகுப்பு வாரம் 20 பாடவேளை. குறைந்தது 18 வேண்டும், மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் கணக்கில் வராது.

பிளாக்டு அக்கவுண்டில் (செலவுக்கு மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மாதம் 1,091 யூரோ வீதம் (2025 கணக்கு) போட்டாகிவிட்டது. பல்கலைக்கழக மாணவருக்கு 992தான், மொழிப் படிப்புக்கு 10 சதவீதம் கூடுதல். இது தெரியாமல் 992 போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுபவர்கள் நிறைய.

இப்போது சிக்கல் அறைதான். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் 'அன்மெல்டுங்', அதாவது முகவரிப் பதிவு, செய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. உள்வாடகைக்கு விடும் பலர் "பதிவு கிடையாது" என்கிறார்கள். முகவரி பதியாவிட்டால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அடுத்த படி நகராது.

கேட்க விரும்புவது:

முதல் இரண்டு மாதத்துக்குப் பதிவோடு அறை தரும் விடுதி ஏதாவது உண்டா?

விசா முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும் என்பது தெரியும். அதற்கான இடைக்காலச் சான்றை ('ஃபிக்‌ஷியோன்ஸ்பெஷைனிகுங்') அங்கே தபாலில் அனுப்புகிறார்களா, நேரில் போகவேண்டுமா?

மொழித் தேர்ச்சியில் பி1 நிலை முடித்து அடுத்த பி2 நிலைக்குப் போகும்போது முழுக் கட்டண ரசீது கேட்கிறார்களா, பதிவுக் கடிதம் போதுமா?

ஏஜென்ட் எண்கள் வேண்டாம். அண்மையில் நீட்டித்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.