நாங்கள் அனுப்பாத அஞ்சல்கள் எங்கள் சர்வர் வரிசையில் குவிவது ஏன்?

கேட்டவர்:
வணக்கம். மலையோரச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்மக்களே கூடி நடத்தும் சிறிய இணையச் சேவையின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் இருவருள் நான் ஒருவன். எங்களிடம் இருப்பவை ஏறத்தாழ 400 அஞ்சல் பெட்டிகள்தாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் ஓடும் முதன்மை சர்வர் ஒன்றும், அது நின்றுபோனால் அஞ்சலை வாங்கி வைத்துக்கொள்ள வெளியூரில் வாடகைக்கு எடுத்த மாற்று சர்வர் ஒன்றும் உள்ளன. முதன்மை சர்வர் ஒருநாளும் நிற்கவில்லை. இருந்தும் மூன்று வாரங்களாக மாற்று சர்வரின் வரிசையில், 'மெயிலர் டீமன்' (சர்வர் தானாக அனுப்பும் அறிவிப்புகளில் இடம்பெறும் அனுப்புநர் பெயர்) பெயரில், முன்பின் அறியாத முகவரிகளுக்குச் செல்லவேண்டிய ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் தேங்கிக் கிடக்கின்றன. நேற்று முதல் சில பெரிய அஞ்சல் சேவைகள் எங்கள் அஞ்சலை ஏற்க மறுக்கின்றன. நினைவகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

மறுமொழி 1:
நினைவகத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வரிசைதான் இன்னும் நீளும். உங்கள் ஊரில் யார் யாருக்குப் பெட்டி உண்டு என்பது மாற்று சர்வருக்குத் தெரியாததால், உங்கள் டொமைனுக்கு எந்தப் பெயரில் அஞ்சல் வந்தாலும் அது வாங்கிக்கொள்கிறது. குப்பை அஞ்சல் அனுப்புவோர் காவல் தளர்ந்த இந்தப் பின்வாசலைத்தான் தேடி வருவார்கள். அங்கிருந்து வரும் அஞ்சலை முதன்மை சர்வர் '550, அப்படி ஒருவர் இல்லை' என்று மறுக்கும்போது, ஏற்கெனவே பொறுப்பேற்றுவிட்ட மாற்று சர்வர் அனுப்புநருக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அனுப்புநர் முகவரி போலியானது. சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றப் பயன்படுத்தும், 1982இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்க வழியே கிடையாது என்பதால், யாரோ ஒருவரின் பெட்டியில் உங்கள் சர்வரே குப்பை கொட்டுகிறது. இதைப் 'பேக்ஸ்கேட்டர்' என்பார்கள்.

இருக்கும் பெட்டிகளின் பட்டியலை மாற்று சர்வருக்கும் கொடுத்து, வாசலிலேயே மறுக்கச் செய்யலாம். ஆனால், 400 பெட்டிகளுக்கு மாற்று சர்வரே தேவையில்லை என்பது என் கருத்து: உங்கள் சர்வர் ஒரு நாள் படுத்தாலும், முறையாக அமைக்கப்பட்ட அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாள்கள் வரை தாமாகவே மீண்டும் முயலும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மாற்று சர்வரின் எம்எக்ஸ் பதிவை (எங்கள் டொமைனுக்கான அஞ்சலை எந்த சர்வருக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லும் பதிவு) நீக்கி, வரிசையையும் துடைத்துவிட்டேன். அத்துடன், குப்பை அஞ்சல் அனுப்பும் சர்வர்களை மறுக்க உதவும் ஸ்பேம்ஹவுஸ் நிறுவனத்தின் தடைப்பட்டியலையும் முதன்மை சர்வரில் சேர்த்தேன்; இப்போதோ உள்ளே வரும் எல்லா அஞ்சலும் மறுக்கப்படுகிறது.

மறுமொழி 2:
ஸ்பேம்ஹவுஸ் பட்டியலை சர்வர்கள் டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு முகவரி தேடும் முறை) வழியாகத்தான் கேட்டறிகின்றன. உங்கள் சர்வர் அந்த டிஎன்எஸ் கேள்விகளை 8.8.8.8 போன்ற பொது ரிசால்வருக்கு (விடை தேடித் தரும் சர்வர்) அனுப்புகிறதா? அவ்வாறு வரும் கேள்விகளுக்கு ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் அதையும் 'பட்டியலில் உள்ளது' என்றே எடுத்துக்கொள்கிறது. அதே கணினியில் அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை நிறுவுங்கள்; உண்மையிலேயே பட்டியலில் இருப்பதைக் குறிக்கும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான விடைகளுக்கு மட்டும் மறுக்குமாறு அமைப்பில் வரையறுங்கள். அவர்களின் இலவசச் சேவை, வணிகமல்லாத சிறிய பயன்பாட்டுக்கு உரியது. சந்தா வாங்கும் சேவை என்றால் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேட்டவர்:
பொது ரிசால்வரேதான் காரணம். அன்பவுண்ட் நிறுவியதும் அஞ்சல் வரத் தொடங்கிவிட்டது. எங்களை மறுத்த சேவைகளுக்குத் தடைநீக்க விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று ஏற்றுக்கொண்டது, மற்றவற்றின் விடைக்குக் காத்திருக்கிறேன்.