பகுதியில் √2 இருந்தால் விடை தவறாகிவிடுமா?

கேள்வி:
வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூலைவிட்டம் 1 மீட்டர் உள்ள சதுரத்தின் பக்க அளவைக் கேட்ட கணக்கிற்கு 1/√2 என்று எழுதியிருந்தாள். √2/2 என்று எழுதவில்லை என்பதற்காக ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே எண்தானே? இன்னொரு சிக்கலும் உண்டு. 1/(3+√2) என்பதன் பகுதியை (பின்னத்தின் கீழுள்ள எண்ணை) விகிதப்படுத்தச் சொன்னால், அதாவது அதில் மூலக்குறி இல்லாமல் ஆக்கச் சொன்னால், மேலும் கீழும் √2ஆல் பெருக்கி √2/(3√2+2) என்று வந்ததும் நின்றுவிடுகிறாள். 3−√2ஆல்தான் பெருக்க வேண்டும் என்பதை மனப்பாடமாக அல்லாமல் புரியும்படி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மறுமொழி 1:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பகுதியில் √2 தனியாக நின்றால் √2ஆல் பெருக்கினாலே 2 கிடைத்துவிடும். கூடவே 3 இருக்கும்போது அந்தப் பெருக்கல் 3இன் மீதும் விழுவதால், மூலக்குறி ஓர் உறுப்பை விட்டு மற்றோர் உறுப்பில் ஏறிக்கொள்கிறது. 3+√2ஆலேயே பெருக்கிப் பார்த்தாலும் 11+6√2 என்றுதான் வரும். 3−√2ஆல் பெருக்கும்போது மட்டும், நடுவில் வரும் −3√2, +3√2 ஆகிய இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 9−2, அதாவது 7 மிஞ்சுகிறது, விடை (3−√2)/7. (a+b)(a−b)=a²−b² என்ற முற்றொருமையைச் சொல்லி முடித்துவிடாமல் நான்கு உறுப்புகளையும் அவள் கையாலேயே விரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு 1/∛2 என்பதைக் கொடுத்துப் பாருங்கள். ∛2ஆல் பெருக்கினால் கீழே ∛4 நிற்கும். ∛4ஆல் பெருக்க வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

மறுமொழி 2:
1/√2 தவறான விடை அன்று. 'பகுதியை விகிதப்படுத்துக' என்று வினாவிலேயே இருந்தால் செய்தாக வேண்டும். இல்லாதபோது மதிப்பெண்ணைக் குறைப்பது என் பார்வையில் கெடுபிடிதான். கையால் வகுத்த காலத்தில் 1ஐ 1.41421ஆல் வகுப்பதைவிட 1.41421ஐ 2ஆல் வகுப்பது எளிது என்பதால் இவ்வழக்கம் பெரிதும் உதவியது. ஆனால் எளிய வடிவத்திற்குக் கொண்டுவருவதன் பயன் இன்றும் குறையவில்லை. 6/√3, √12 ஆகிய இரண்டும் 2√3 என்பதோ, √8+√18−√50 என்பது 2√2+3√2−5√2 ஆகிச் சுழியமாகிவிடும் என்பதோ சுருக்காதவரை கண்ணுக்குத் தெரியாது.

மறுமொழி 3:
விகிதப்படுத்துவதைப் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1/(√50−7) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். √50க்கு 7.07 என்று வைத்தால் 1/0.07, அதாவது ஏறத்தாழ 14.29 வருகிறது, 7.071 என்று வைத்தால் 14.08 வருகிறது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் மறைந்து, நாம் வெட்டிவிட்ட கடைசி இலக்கங்களின் பிழையே பெரிதாகி நிற்பதுதான் காரணம். விகிதப்படுத்தினால் பகுதி 50−49=1 ஆகி, விடை √50+7 ஆகிவிடுகிறது; இப்போது அதே 7.07ஐ வைத்தாலும் 14.07 கிடைக்கிறது, உண்மை மதிப்பு 14.0711. கால்குலேட்டரும் குறிப்பிட்ட இலக்கங்களோடு நின்றுவிடும் கருவிதான் என்பதை மறக்க வேண்டாம்.

மூலக்குறி எப்போதும் மேலே இருப்பதே நல்லது என்றும் இல்லை. √7−√6, √6−√5 இவற்றில் எது பெரியது என்று கேட்டால், அவற்றைக் கீழே 1 உள்ள பின்னங்களாகக் கொண்டு, தொகுதியை (மேலுள்ள எண்ணை) விகிதப்படுத்தி 1/(√7+√6), 1/(√6+√5) என்று எழுதியவுடன் இரண்டாவதுதான் பெரியது என்பது கணக்கிடாமலே தெரிந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் எல்லை மதிப்புக் காணும்போதும் இதே உத்தி வரும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ∛4 என்று அவளே சொல்லிவிட்டாள். இப்போது 1/(1+√2+√3) என்பதற்கு எதனால் பெருக்குவது என்று என்னைக் கேட்கிறாள்.

மறுமொழி 1:
1+√2 என்பதை ஒரே உறுப்பாகக் கட்டிக்கொண்டு, 1+√2−√3ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பகுதி (3+2√2)−3, அதாவது 2√2 ஆகும்; அடுத்து √2ஆல் பெருக்கினால் (2+√2−√6)/4 வந்துவிடும். √2+√3 என்று கட்டித் தொடங்கினாலும் விடை வரும், ஆனால் வேலை கூடுதல்.