மஞ்சள் விளக்கும் 1,100 கிலோமீட்டரும்

குழு: அஸ்தம்பட்டி வீடு
ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை (இந்திய நேரம்)

தம்பி, பிற்பகல் 2.50
சித்தப்பா, உங்கள் ஆலோசனை உடனே தேவைப்படுகிறது. நேற்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து பார்சிலோனாவுக்குப் புறப்பட்ட நாங்கள், இப்போது பிரான்சில் லியோன் நகரைத் தாண்டி, வலான்ஸ் ஊருக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்கிறோம். வாங்கி இரண்டு மாதமே ஆன, 4,300 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய டீசல் வேனில், 40 கிலோமீட்டருக்கு முன்பு என்ஜின் விளக்கும் யூரியா விளக்கும் சேர்ந்து எரியத் தொடங்கின. புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு என்றும், 1,100 கிலோமீட்டருக்குப் பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்றும் திரையில் வந்தது. இப்போது அந்த எண் 1,060 ஆகக் குறைந்திருக்கிறது. வண்டியின் இழுவையிலோ சத்தத்திலோ எந்த மாற்றமும் தெரியவில்லை.

அம்மா, 2.53
ஆடிக் கடைசி வெள்ளி என்று கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்கிறேன். குழந்தைகள் வெயிலில் நிற்கிறார்களா, சாப்பிட்டார்களா என்பதை முதலில் எழுது.

தம்பி, 2.55
நிழலில் இருக்கிறார்கள் அம்மா, சாப்பிட்டும் விட்டார்கள்.

சித்தப்பா, 2.58
பதற வேண்டாம். விளக்குகள் என்ன நிறம், நின்று எரிகின்றனவா, விட்டு விட்டு எரிகின்றனவா? வெப்ப முள் எங்கே நிற்கிறது? ஆயில் விளக்கு ஏதேனும் எரிகிறதா? திரையைப் படம் எடுத்து அனுப்பு. கிலோமீட்டர் கணக்கும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

தம்பி, 3.04
இரண்டும் மஞ்சள் நிறம், நிலையாக எரிகின்றன. வெப்ப முள் நடுவில் இருக்கிறது, சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. படங்களை அனுப்பிவிட்டேன்.

சித்தப்பா, 3.16
நல்லது. சிவப்பு என்றால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் போன பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் என்ஜினே போய்விடும். உன்னுடையது மஞ்சள், அதுவும் நிலையாக எரிகிறது. ஆகையால் நீ ஓட்டலாம். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவதற்காக, 32.5 விழுக்காடு யூரியாவும் மீதம் தாது நீக்கிய தண்ணீரும் கலந்த திரவத்தைப் புகைக்குழாயில் தெளிக்கிறார்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் யூரியா என்றே சொல்லும் அதற்கு அங்கே ஆட்புளூ என்று பெயர். தெளிப்பது சரியாக நடக்கவில்லை என்று வண்டி கண்டுகொண்டிருக்கிறது. அந்த 1,100 கிலோமீட்டர், என்ஜின் அதுவரைதான் தாங்கும் என்ற கணக்கு அல்ல; கோளாறைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக ஐரோப்பியச் சட்டம் வைக்கச் சொன்ன பூட்டு.

நான், 3.19
எண் பூஜ்யத்துக்கு வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடாதா, சித்தப்பா?

சித்தப்பா, 3.22
நிற்காது அம்மா. அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆவதைத்தான் அது தடுக்கும். அதனால்தான் அந்த எண் முடியும் இடம் எது என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

அப்பா, 3.31
வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது நிற்கும் இடத்திலிருந்து பார்சிலோனா ஏறத்தாழ 540 கிலோமீட்டர், ஸ்டுட்கார்ட் வீடு ஏறத்தாழ 750 கிலோமீட்டர். பார்சிலோனா போய்ச் சேரும்போது 520 மிச்சமிருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு 1,290 வேண்டும். கோளாறு வழியில் சரியாகவில்லை என்றால் திரும்பும்போது பாதி வழியைக்கூட எட்டாமல் பிரான்சில் எங்கோ வண்டி பூட்டிக்கொள்ளும். இங்கிருந்தே திரும்பினால் 300 கிலோமீட்டருக்கு மேல் கையிருப்போடு வீட்டுக்குப் போகலாம். கடலைப் பார்க்கக் குழந்தைகள் எவ்வளவு ஆசையாக இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

ஏற்காடு அத்தை, 3.38
எங்கள் எஸ்டேட் பிக்கப்பிலும் போன வருடம் இப்படி மஞ்சள் விளக்கு எரிந்தபோது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியதும் அணைந்துவிட்டதே. அவனும் அப்படி ஓட்டிப் பார்க்கலாமா?

சித்தப்பா, 3.52
இல்லை, அது வேறு நோய். உங்கள் பிக்கப்பில் எரிந்தது டிபிஎஃப் விளக்கு, அதாவது கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டதற்கான விளக்கு. அந்தக் கரி எரிய வேண்டும் என்றால் புகையின் வெப்பம் 600 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். எஸ்டேட்டிலிருந்து ஏற்காடு கடைவீதிக்கு ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் அந்தச் சூடு வராது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தாலும் வராது, ஏனென்றால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் காலே இருப்பதில்லை. அதனால்தான் கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரி வரை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னேன். வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, மலையில் ஓடும் வண்டிகள் பல இதே குறையோடு என் பட்டறைக்கு வருகின்றன. ஆனால் தம்பியின் வண்டியில் எரிவது யூரியா விளக்கு. ஓட்ட ஓட்ட எண் குறையுமே தவிர விளக்கு அணையாது.

தம்பி, 3.57
சித்தப்பா, புறப்படும் முன்பு பெட்ரோல் பங்க்கில் 10 லிட்டர் ஆட்புளூ ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சரியாகுமா?

சித்தப்பா, 4.06
ஊற்றாதே. தொட்டியில் திரவம் குறைந்திருந்தால் திரை அதையே சொல்லியிருக்கும். உனக்கு வந்திருப்பது கோளாறு என்ற செய்தி. மேலும் ஊற்றினால் தொட்டி வழிந்து, கசிந்த இடமெல்லாம் வெள்ளைப் படிகமாகக் காய்ந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. ஸ்கேனர் வைத்திருப்பவர் கோளாறுக் குறியீட்டை அழித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. எந்தக் குறியீடு, எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன வெப்பத்தில் விழுந்தது என்ற விவரம் வண்டியின் நினைவில் பதிந்திருக்கிறது. அழித்துவிட்டால் உத்தரவாதத்துக்கு நீ காட்டக்கூடிய சாட்சியே போய்விடும். வாடிக்கையாளர்கள் அதை அழித்துவிட்டு வந்து நின்றபோது, கோளாறு மறுபடி தலைகாட்டும் வரை வாரக்கணக்கில் காத்திருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். உன் வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனை வலான்ஸில் இருந்தால் இன்றே போ. நாளை ஆகஸ்ட் 15; நமக்குச் சுதந்திர தினம், பிரான்சிலும் மாதாவின் விண்ணேற்பு விழாவுக்காக அரசு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு.

அப்பா, 4.10
வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடு.

சித்தப்பா, 4.17
அந்த நாட்டு நெடுஞ்சாலையில் நம் விருப்பப்படி இழுவை வண்டியை வரவழைக்க முடியாது என்று என்னிடம் வரும் ஓட்டுநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் இருக்கும் ஆரஞ்சு நிறத் தொலைபேசியிலோ 112 எண்ணிலோ சொன்னால் அனுமதி பெற்றவர்களை அனுப்புவார்கள். ஒளிரும் மேல்சட்டையை உள்ளேயே அணிந்துகொண்டு, சாலைப் பக்கம் அல்லாத கதவு வழியாக இறங்கி, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். குழந்தைகளை வண்டிக்குள் விட்டுவைக்காதே.

தம்பி, இரவு 8.25
பணிமனையில் பார்த்துவிட்டார்கள். யூரியா அழுத்தம் குறைவு என்பதற்கான பி-20-இ-8 என்ற குறியீடு வந்திருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் பம்ப்பை மாற்ற வேண்டுமாம். உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். நான் கேட்டபடி எதையும் அழிக்கவில்லை. குறியீடு, தேதி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி முத்திரையோடு தாள் கொடுத்திருக்கிறார்கள். எண் இப்போது 1,040. இரவு இங்கேயே தங்கிவிட்டு நாளை வீடு திரும்புகிறோம், அப்பா.

அம்மா, 8.28
மெதுவாக ஓட்டு. மாரியம்மன் குங்குமத்தை உங்கள் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, சனிக்கிழமை

தம்பி, இரவு 11.40
வந்து சேர்ந்துவிட்டோம். வீட்டு வாசலில் எண் 288.

சித்தப்பா, 11.44
மகிழ்ச்சி. திங்கட்கிழமை அங்கே உள்ள பணிமனையில் பிரான்ஸ் தாளை முதலில் காட்டாதே. அவர்களே ஸ்கேன் போட்டுக் குறியீட்டைச் சொல்லட்டும். அதன் பிறகு தாளை எடுத்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்.

ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை

தம்பி, பிற்பகல் 3.15
ஒரே குறியீடுதான், சித்தப்பா. பம்ப்புக்கு உத்தரவாதத்திலேயே எழுதிவிட்டார்கள். வியாழக்கிழமை மாற்றித் தருகிறார்கள். அதுவரை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, டிராமில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.