டிரிஸ்டன் ட குன்யா தீவுக்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கேள்வி: தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் இந்தத் தீவில் 250 பேர்கூட இல்லை; விமானமும் கிடையாது. வருமானம் எங்கிருந்து வருகிறது? நிலம் யாருடையது?

பதில் 1: முக்கிய வருமானம் சிங்கி இறால். பிடித்து, தீவிலேயே பதப்படுத்தி, உறையவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். சிக்கல் துறைமுகத்தில்தான். தீவின் கால்ஷாட் துறைமுகம் மிகச் சிறியது. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 2,800 கி.மீ. கடந்து, ஒரு வாரம்போல ஓடி வரும் கப்பல் வெளியேதான் நங்கூரமிட வேண்டும். கடல் பொங்கினால் சரக்கு இறங்காது, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். மீன்பிடி படகுகளையும் வேலை முடிந்ததும் கரைக்குத் தூக்கிவிடுவார்கள். தபால்தலை விற்பனையிலும் கொஞ்சம் வரும்.

பதில் 2: நிலம் ஊர்ப்பொது. வெளியாள் வாங்க முடியாது. மேய்ச்சல் தரை அழியாமலிருக்கவும், ஒரு குடும்பமே செழித்துவிடாமலிருக்கவும் வீட்டுக்கு இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று வரம்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காற்று அடிக்காதபடி கற்சுவர் கட்டிக் காக்கிறார்கள். ஒரு காலத்தில் கிழங்கே பணம்: 1946-இல் அச்சிட்ட தபால்தலையில் 1 பென்னியோடு 4 கிழங்கு என்றும் விலை போட்டிருந்தது.

பதில் 1 (தொடர்ச்சி): ஒற்றைத் தொழிலை நம்புவதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1961 எரிமலைக் குழம்பு இறால் ஆலையை மூடியது. எல்லாரும் இங்கிலாந்துக்குப் போய், பெரும்பாலோர் 1963-இல் திரும்பினார்கள். 2011-இல் ‘ஒலிவா’ கப்பல் பக்கத்திலுள்ள நைட்டிங்கேல் தீவில் தட்டி எண்ணெய் கொட்டியபோது அங்கே இறால் பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று.