தொழில்நுட்பக் கல்லூரியில் வாத்தியத் திருத்தக் கற்கைநெறி தேவைதானா?

கொக்குவில்வாசி:

க.பொ.த. சாதாரண தரத்தோடு பள்ளியை விடும் பிள்ளைக்கு உலோக வேலையில் விருப்பம் இருந்தால், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் வெல்டிங், கடைசல் போன்றவற்றில் என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழில் தகைமையில் மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் பெறலாம். இசையில் விருப்பம் இருந்தால், 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதலாம். உயர்தரமும் சித்தியெய்தினால் மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிரிவில் இசைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டு வழிகளும் எங்கேயும் சந்திப்பதில்லை. பட்டறையில் படித்தவருக்குச் சுருதி பிடிபடாது. பாட்டுப் படித்தவருக்கு அரம் பிடிக்க வராது. ஆனால் ஆர்மோனியத்தின் நாக்கு உடைந்தாலும், பாடசாலை பாண்ட் குழுவின் ட்ரம்பெட் நசுங்கினாலும், வீணைத் தண்டின் மேல் பதித்த உலோக மெட்டு பெயர்ந்தாலும் இரண்டும் தெரிந்த ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கல்லூரியின் உலோகப் பட்டறையிலேயே இசை ஆசிரியர் ஒருவரையும் அமர்த்தி, வாத்தியத் திருத்தத்துக்கென ஒரு கற்கைநெறியைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அச்சுவேலிப் பட்டறை:

காரணத்தோடுதான் மறுக்கிறேன். வெல்டிங் என்பது கம்பியை எரித்து எரித்துக் கை பழக வேண்டிய வேலை. வளைகுடா நாட்டு நிறுவனங்கள் வைக்கும் 6ஜி பரீட்சையில் குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பாமல், தன் உடம்பைத்தான் வளைத்து, கீழும் பக்கமும் மேலுமாகச் சுற்றி வந்து ஒட்டி முடிக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்துக்கு எத்தனை மணித்தியாலம் கொடுத்தாலும் போதாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கம்பியும் தகடும் விற்ற விலையை இந்தத் தொழிலில் இருப்பவர் மறந்திருக்க மாட்டார். இருக்கிற பணத்தில் பிள்ளைகளுக்கு இன்னும் பத்துக் கிலோ கம்பி வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

அடுத்தது சந்தை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றபோது, கடைசல்காரரை எடுத்துப் பழக்கி வேலையும் கொடுத்த மிகப் பெரிய இடம் ஒன்று இல்லாமல் போனது. இன்று எங்களிடம் வருவது கேற், யன்னல் கிறில், கூரைச் சட்டம், தண்ணீர்த் தாங்கிக்கான கால்கள், எப்போதாவது ஒரு தேர் வேலை. இவற்றை நம்பி ஒரு குடும்பம் வாழலாம். ஆண்டுக்கு எத்தனை ட்ரம்பெட் நசுங்கும் என்பதைக் கொக்குவில்வாசி சொல்லட்டும்.

மருதனார்மடத்து மாணவி:

அச்சுவேலி ஐயா ட்ரம்பெட்டை எண்ணச் சொல்கிறார். நான் ஆர்மோனியத்தையும் வீணையையும் எண்ணச் சொல்வேன். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் காலம் தொட்டு இசை நாடகம் ஆடும் ஊர்களில் ஆர்மோனியம் இருக்கிறது. கோயில் பஜனைக் குழுக்களில் இருக்கிறது. பாட்டு ஆசிரியர்களின் வீடுகளில் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது முழுக்க முழுக்க உலோக வேலை. பித்தளைத் தகட்டில் தறைந்த மெல்லிய நாக்குகள் காற்றில் அதிர்ந்தே ஒலி பிறக்கிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் அங்கே பாரம் குறைந்து சுருதி ஏறும். தறைந்த அடிப்பகுதியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். விதி இவ்வளவுதான். ஆனால் எத்தனை இழுப்பு இழுப்பது என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்; கூடுதலாகச் சுரண்டிய உலோகம் திரும்பி வராது.

வீணையில் 24 மெட்டுகளைக் கரித்தூள் கலந்த மெழுகில் பதித்திருப்பார்கள். வெப்பத்தில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுரம் பிசகும். மறுபடி மெழுகு வைத்து மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கேற்ப அமைப்பதற்கு, ஒவ்வொரு மெட்டையும் மீட்டிப் பார்த்து மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். இதற்குப் பொறுமையும் சுரஞானமும் ஒரே ஆளிடம் வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த வீணையை மேளம் கட்டுவதற்காக மறுபடி கடல் கடந்து அனுப்ப எல்லோராலும் முடியுமா?

ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். ட்ரம்பெட்டின் இணைப்புகள் ஈயம் வைத்து ஒட்டியவை. அந்த ஈயக் கலவை ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். வெல்டிங் மட்டும் பழகிய கை அந்த மெல்லிய பித்தளையில் சூட்டைக் கொடுத்தால், ஒட்ட நினைத்த ஒன்றுக்காகப் பக்கத்து இணைப்புகளும் கழன்று விழும். வால்வுக்கும் அதன் உறைக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். நல்ல வெல்டர் இதைத் தானே சமாளித்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்களா?

அச்சுவேலிப் பட்டறை:

சமாளிக்க மாட்டார். அதற்குத்தான் அது வேறு தொழில் என்கிறேன். வேறு தொழிலுக்கு வேறு கட்டடமும் வேறு பணமும் தேடுங்கள். எங்கள் லேத்தில், அந்தக் கடைசல் இயந்திரத்தில், கை வைக்க வேண்டாம்.

இணுவிலூரான்:

நான் நாதஸ்வரம், தவில் வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இவ்வளவு நேரமும் ஆர்மோனியம், ட்ரம்பெட் என்றே பேசுகிறீர்கள். தவில் மேதை லயஞான குபேரபூபதி தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரிலிருந்து கேட்கிறேன்: எங்கள் வாத்தியங்கள் இந்தக் கற்கைநெறியில் எங்கே?

தவிலைப் பாருங்கள். முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியம் இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் நட்டும் கொண்டு முறுக்கும் வாத்தியமாகிவிட்டது. இந்த மாற்றத்தில் உலோகம் தெரிந்தவரின் கை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தவிலின் உயிர் பலாக் கட்டையிலும் தோலிலும் இருக்கிறது. நாதஸ்வரத்தின் உயிர் ஆச்சா மரத்திலும் வாயில் வைத்து ஊதும் சீவாளியிலும் இருக்கிறது. சீவாளி செருகும் கெண்டை மட்டும்தான் உலோகம். அந்தக் கெண்டையை லேத்தில் எத்தனை துல்லியமாகக் கடைந்தாலும், சீவாளியை வாயில் வைத்துப் பார்க்கத் தெரியாதவர் திருத்திய நாதஸ்வரத்தை நான் மங்கள வைபவத்துக்கு எடுத்துப் போக மாட்டேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த அறிவு தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களில் இருந்து வந்தது. அதே பிறப்பைக் காட்டித்தான் அந்தக் குடும்பங்களைச் சமூகம் ஒதுக்கியும் வைத்தது. இப்போது கல்லூரி வந்து சான்றிதழ் கொடுத்தால், பட்டம் ஒருவருக்கும் பழைய அவமதிப்பு எங்களுக்கும் என்று ஆகிவிடக் கூடாது.

கொக்குவில்வாசி:

இணுவிலூரான் அண்ணாவின் கடைசிக் கேள்விக்கு என்.வி.கியூ. முறையிலேயே ஒரு வழி உண்டு. வகுப்பில் இருந்து படிக்காமலே, ஏற்கெனவே செய்துவரும் வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறும் முன் கற்றலை அங்கீகரிக்கும் நடைமுறை அது. மேசன்மாரும் மெக்கானிக்குகளும் அதனைப் பயன்படுத்துகிறார்கள். எந்தத் தொழிலானாலும் அதற்குத் தேவையான திறன்களை வரையறுக்கும் தேசியத் தேர்ச்சி நியமம் ஒன்று வேண்டும். வாத்தியத் திருத்தத்துக்கான நியமத்தை எழுத உட்காரும் மேசையில் உங்கள் குடும்பத்தாரே முதலில் இருக்க வேண்டும் என்பேன். அவர்களே பயிற்றுநராகவும் வந்தால் சான்றிதழோடு சம்பளமும் அந்த வீட்டுக்குப் போகும்.

நெக்கார்க்கரை:

ஜேர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பித்தளை ஊதுவாத்தியம் செய்வது அரசு அங்கீகரித்த மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி. லூட்விக்ஸ்பர்க் நகரிலுள்ள தொழிற்பாடசாலை ஒன்றில் ஓர்கன், பியானோ, ஊதுவாத்தியம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகுப்பு இருக்கிறது. பயிலுநர் பெரும்பாலான காலம் ஒரு பட்டறையில் சம்பளத்தோடு வேலை செய்வார். இடையிடையே சில வாரங்கள் பாடசாலைக்கு வருவார். தகட்டை வளைப்பதும் ஈயம் வைப்பதும் பட்டறையில் பழகுகிறார்; ஒலியியலும் வரைபடமும் பாடசாலையில் படிக்கிறார்.

இதைக் கேட்டுக் கொக்குவில்வாசி மகிழ்ந்துவிட வேண்டாம். இந்தப் பாடசாலைகளுக்குப் பின்னால் வாத்தியம் செய்து உலகெங்கும் விற்கும் பட்டறைகள் நிற்கின்றன. அச்சுவேலி அண்ணா கேட்ட சந்தைக் கேள்வி நியாயமானதே. உங்களுக்குப் பொருந்தக்கூடியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரெட் விங் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் மாதிரி. அங்கே புதிதாக வாத்தியம் செய்பவரை விட, பாடசாலை பாண்ட் வாத்தியங்களைத் திருத்துபவரையே முக்கியமாக உருவாக்குகிறார்கள். திருத்தத்துக்குத் தொழிற்சாலை தேவையில்லை. உடைந்த வாத்தியம் போதும்.

அச்சுவேலிப் பட்டறை:

இப்போதுதான் பேச்சு தரைக்கு வந்திருக்கிறது. என் நிலைப்பாட்டை நிபந்தனைகளோடு எழுதுகிறேன். முழுநேரக் கற்கைநெறி வேண்டாம். உலோக வேலையில் மூன்றாம் மட்டம் முடித்தவர்களுக்கு மட்டும், பின்னேரத்தில், ஒரு குறுகிய பயிற்சியாக வைக்கலாம். முதலில் ஆர்மோனியமும் ட்ரம்பெட்டும் போதும். அவற்றுக்கு அரமும் வைஸும் சிறிய ஈயக் கோலும் சில மரக் கட்டைகளும் இருந்தால் காணும், லேத்தைப் பெரிதாகத் தொட வேண்டியிருக்காது. பாடசாலைகள் தங்கள் பழுதான பாண்ட் வாத்தியங்களைப் பயிற்சிக்குக் கொடுத்து, மூலப்பொருட் செலவை மட்டும் ஏற்க வேண்டும். இரண்டு அணி பயின்று முடித்த பிறகு எத்தனை பேர் இதில் உழைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த சதத்தைக் கேட்க வேண்டும். வெல்டிங் வகுப்பின் கம்பிக் கணக்கிலிருந்து ஒரு கிலோ குறைந்தாலும் எதிர்ப்பேன்.

மருதனார்மடத்து மாணவி:

மூன்றாம் மட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் என்பதை ஏற்க முடியாது. அப்படிச் செய்தால் இசை படித்த பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். அரம் பிடிக்கச் சில வாரங்களில் பழக்கலாம்; சுருதி பிசகுவதைக் கேட்கும் காதைச் சில வாரங்களில் பழக்க முடியாது. பாதி இடம் இசைப் பக்கத்தாருக்கு ஒதுக்குங்கள்.

இணுவிலூரான்:

தவிலையும் நாதஸ்வரத்தையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள், கவனித்தேன். அது ஒருவகையில் நல்லதே. அதற்குள் நியமத்தை யார் எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கொக்குவில்வாசி சொன்ன மதிப்பீட்டாளர் இருக்கையில் வாத்தியக்காரர் ஒருவரும் இல்லாமல் அந்தப் பரீட்சை நடக்குமானால் நான் எதிர்ப்புப் பக்கமே நிற்பேன். இருந்தால், என் மூத்த மகனை முதல் அணிக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். அவனுக்கு மருதனார்மடத்து மாணவி சொன்ன அந்த ஆர்மோனிய நாக்கு வேலையில் ஏற்கெனவே கை இருக்கிறது.