ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, இரவு 8.04
தேன்மொழி, தொட்டில் போட்ட அன்று அம்மா தாலாட்டுப் பாடியதை அனுப்பியிருந்தாயே, அதில் குரல் மட்டும்தான் கேட்கிறது. படம் ஒரே இருட்டு. என் போன் கெட்டுவிட்டதா?

தேன்மொழி, 8.06
போனுக்கு ஒன்றும் இல்லை பெரியப்பா. என் ஐபோன் படத்தை எச்இவிசி என்ற முறையில் சுருக்கி வைக்கிறது. 2013-இல் வந்த முறை அது. உங்கள் பழைய போனின் சிப்புக்கு அதை விரிக்கத் தெரியவில்லை. ஒலி ஏஏசி என்ற இன்னும் பழைய முறையில் இருக்கிறது, அதனால் கேட்கிறது.

தேன்மொழி, 8.07
பிளே ஸ்டோரில் விஎல்சி என்று ஒரு செயலி இருக்கிறது. இலவசம், விளம்பரமும் வராது. அதில் திறந்து பாருங்கள்.

மதுரை அத்தை, 8.09
எனக்குப் படம் ஓடுகிறது. ஆனால் அம்மா முகத்தில் தெளிவே இல்லை, மாவு பூசினாற்போல் இருக்கிறது.

தேன்மொழி, 8.11
அத்தை, நீங்கள் பார்ப்பது அன்றைக்கே இந்தக் குழுவில் நான் வீடியோவாகப் போட்டது. அப்படிப் போட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். பெரியப்பாவுக்கு முதல் 2 நிமிடத்தை மட்டும் வெட்டி, ஆவணமாக அனுப்பினேன். ஆவணமாகப் போவது சுருங்காது.

சித்தி, 8.12
முழுவதையும் அப்படியே அனுப்பினால் என்ன?

தேன்மொழி, 8.14
4கே என்ற மிக நுணுக்கமான தரத்தில், நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்று வைத்து எடுத்துவிட்டேன் சித்தி. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி பிடிக்கும். ஆச்சி 6 நிமிடம் பாடினார்கள், 2.4 ஜிபி. வாட்ஸ்அப் 2 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது.

சித்தி, 8.15
அதனால்தான் போனில் இடமே இல்லை என்றாயா? குழுவில்தான் ஒரு பிரதி கிடக்கிறதே, உன் போனில் உள்ளதை அழித்துவிடு.

தேன்மொழி, 8.18
வேண்டவே வேண்டாம் சித்தி. குழுவில் இருப்பதைப் பிரதி என்றே நான் சொல்லமாட்டேன். அசலில் 4-ஆவது நிமிடம் ஆச்சி பாட்டை நிறுத்தாமலே முந்தானை நுனியால் பாப்பாவின் கடைவாயைத் துடைக்கிறார்கள். அந்த ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு தெரிகிறது. குழுவில் உள்ளதில் விரலே தெரியவில்லை. தாத்தா பேசியது ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. இதையும் இழக்க என்னால் முடியாது.

சித்தி, 8.19
எனக்கு அது தெரியாது அம்மா. அழிக்காதே, அப்படியே வைத்திரு.

கண்ணன், 8.20
அக்கா, மடிக்கணினியோடு வருகிறேன். அசலை அதில் ஏற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்றும் போட்டுவிடலாம். இரண்டு இடத்திலும் முழுதாக ஓடுகிறதா என்று பார்த்தபிறகுதான் போனைத் தொடவேண்டும்.

பெரியப்பா, 8.31
விஎல்சியில் படம் வந்துவிட்டது! ஆனால் விட்டுவிட்டு நகர்கிறது. குரல் முன்னால் போகிறது, வாய் பின்னால் வருகிறது.

தேன்மொழி, 8.33
4கே அந்தப் போனுக்குப் பெரும் பாரம் பெரியப்பா. கண்ணன் வந்ததும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 1080 என்ற சிறிய அளவுக்குக் குறைத்து, எச்.264 முறைக்கு மாற்றி அனுப்புகிறேன். அது 2003-இலிருந்து இருக்கும் முறை, உங்கள் போன் தடுமாறாது.

மதுரை மாமா, 8.36
சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவே, அது எதனால்?

கண்ணன், 8.40
குழல் விளக்கினால் மாமா. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு எத்தனை பிரேம் என்பது அதோடு பொருந்தவேண்டும். 100-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி வராது, 30-ஆலும் 60-ஆலும் வகுத்தால் வரும். அந்தப் பொருத்தமின்மைதான் பட்டையாக ஓடுகிறது. எடுத்தபின் அதை நீக்குவது கடினம். எடுக்கும்போதே 25 பிரேம் வைத்திருக்கவேண்டும்.

தேன்மொழி, 8.44
ஐபோன் வைத்திருப்பவர்கள் காதுகுத்துக்கு வருமுன் இதைச் செய்துவிடுங்கள். அமைப்புகளில் கேமரா, அதில் வீடியோ பதிவு. பிஏஎல் (PAL) வடிவங்களைக் காட்டும் பொத்தானைப் போட்டால் 25 பிரேம் வரும். 1080-உம் 25-உம் வீட்டுக்குப் போதும். அதே கேமரா பக்கத்தில் வடிவங்கள் என்ற இடத்தில், எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் கூடுதல் இடம் பிடித்தாலும் பெரியப்பா போனிலும் ஓடும்.

தேன்மொழி, 8.45
ஆச்சி பாடத் தொடங்கினால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அன்று நான் நிறுத்தவில்லை. குரலுக்கு அடியில் அந்த இரைச்சல் கடைசிவரை இருக்கிறது.

மதுரை அத்தை, 8.47
வியர்த்தால் நான் விசிறிக்கொண்டிருக்கிறேன். அம்மா பாடட்டும்.

கண்ணன், 10.21
இரண்டு இடத்திலும் ஏற்றி, முழுதும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். பெரியப்பா, உங்களுக்கான கோப்பு போய்க்கொண்டிருக்கிறது.

பெரியப்பா, 10.52
தடங்கலே இல்லை, கடைசிவரை ஓடியது. உன் பெரியம்மா அந்த 4-ஆவது நிமிடத்தையே மூன்று முறை போடச் சொல்லிவிட்டாள். தேன்மொழி, முந்தானையால் துடைத்துவிட்டு அம்மா பாப்பாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். கவனித்தாயா?

தேன்மொழி, 10.53
இல்லையே பெரியப்பா! எந்த இடம்?

பெரியப்பா, 10.55
4.20-இல். மெதுவாகத்தான் வருகிறது. இயர்போன் போட்டுக் கேள்.